இஞ்சின் ரூம் வேலாயி

மூடிக் கிடக்கும் அந்தக் கையை வேலாயி கட்டைவிரலிலிருந்துதான் திறப்பாள். மற்ற விரல்களைப் பிடித்து இழுத்தால் அவை இன்னும் இறுகும். கட்டைவிரலை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் விலக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தால், ஆள்காட்டி விரல் தானாக இளகும். பிறகு நடுவிரல், பிறகு மற்றவை. உள்ளங்கை விரிந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் மடிப்பு மடிப்பாகத் துடைப்பாள். நகம் பதிந்து சிவந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பாள். பழைய சாரத்தில் கிழித்த துணியொன்றைச் சுருட்டி உள்ளே கொடுப்பாள். கை மறுபடியும் மூடிக்கொள்ளும். "இந்தா, இதப் புடிச்சுக்கிட்டுச் சும்மா கெடங்க" என்பாள். அவள் புருஷன் பொன்னையா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதுளை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி இதை அவசர அவசரமாகக் காட்டிக் கொடுத்தாள். அப்படிக் காட்டிக் கொடுப்பதைப் பலர் பஸ் நிலையத்துக்கு வருவதற்குள் மறந்துவிடுவார்கள். வேலாயி மறக்கவில்லை. வலப்பக்கம் விழுந்த ஆளுக்கு எதை வைத்தாலும் இடப்பக்கம் வை என்றும் அந்த மிஸ்ஸி சொல்லியிருந்தாள். தண்ணீர்க் கோப்பை, துவாய், கூப்பிடுவதற்குத் தட்டும் அலுமினிய டம்ளர் எல்லாம் கட்டிலின் இடப்பக்கத்துப் பெட்டி மேல்தான் இருக்கும். வேலாயி இப்போது யோசிக்காமலே எதையும் அந்தப் பக்கத்தில்தான் வைப்பாள். கடைக்குப் போனாலும் பையை இடப்பக்கம் வைத்துவிட்டுத் திரும்பும் அளவுக்கு அது பழகிவிட்டது.

பாரிசவாதம் வந்தபோது பேச்சும் போனது. முழுப் பேச்சும் போகவில்லை. "தண்ணி" வராது. "வலிக்குது" வராது. கொழும்பில் கார்மென்ட்டில் வேலை செய்யும் மகளின் பெயர் வராது. "போடி சனியனே" மட்டும் எழுத்துக்கு எழுத்துத் தெளிவாக வரும். இந்த நோயில் இப்படி நடப்பதுண்டு. சொல்லெல்லாம் போன பிறகும் திட்டு தங்கிவிடும். வேலாயிக்கு அதில் மனக்குறை இல்லை. "நல்ல வார்த்த எல்லாம் போயிருச்சு, கெட்ட வார்த்த தங்கிருச்சு. அதுவாச்சும் இருக்கே. உள்ள ஆள் இருக்குனு தெரியுதுல்ல" என்பாள்.

அவர்கள் இருப்பது கொய்யாமலைத் தோட்டத்துப் பழைய லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களில் ஒன்றில். பதுளை நகரம் வருஷத்துக்கு வருஷம் மலையேறி அந்தத் தோட்டத்தின் இடுப்புவரை வந்துவிட்டது. தேயிலை நின்ற சரிவுகளில் மாடிவீடுகள் நிற்கின்றன. துரை பங்களாவில் கல்யாணம் நடக்கிறது. தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை மட்டும் தகரமும் இரும்பும் கண்ணாடியுமாக வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. மெஷின்களைப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். இப்போது டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையான ஹஸீப் அதை வாங்கி, அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றுகிறான். கொழுந்து வாட்டிய மாடிகளைத் தடுத்து வீடுகள் ஆக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் தூண்களைச் சுரண்டிக் கறுப்பு வர்ணம் அடித்து, மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் அந்தத் தூண்களைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள். வாசலில் பெரிய பலகை நிற்கிறது: ஓல்ட் பெக்டரி ரெசிடென்ஸிஸ்.

வேலாயிக்கு அங்கே தூசு துடைக்கும் வேலை. வேலையாட்கள் தட்டி உடைத்துவிட்டுப் போன பிறகு கண்ணாடி, தரை, குளியலறை ஓடு எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். புதிதாகக் கதவு மாட்டிய அறை எதைக் கண்டாலும், பொன்னையாவை உட்காரவைத்துத் தூக்கும் அளவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நுழைந்து பார்ப்பாள். கதிரை இடிக்காமல் போனால் தலையை ஆட்டுவாள். இடித்தால், "ச்சே, இம்புட்டு செலவழிச்சு இதக் கோட்ட விட்டுட்டாங்களே" என்பாள். அந்த வீடுகளில் ஒன்றுகூடத் தனக்கு இல்லையென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதவைக் கண்டால் கதிரையைத் தேடுவாள்.

ஒருநாள் கொழும்பிலிருந்து புருஷனும் மனைவியுமாக இருவர் வீடு பார்க்க வந்தார்கள். மேல் மாடியில் நீளத்துக்கு ஜன்னல்கள். நமுனுகுல மலை தெரிந்தது. அந்தப் பெண் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன காத்து, பாருங்களேன்!"

"காத்துக்குன்னுதாங்க கட்டுனாங்க. கொழுந்து வாடணும்ல" என்றாள் வேலாயி, தரையைத் துடைத்தபடி. "பொழுது சாஞ்சா ஜன்னலச் சாத்திருங்க. நெஞ்சுல சளி கட்டிக்கும்."

"நீங்க இங்கேயே வேலை செஞ்சவங்களா?"

"நான் மலையில கொழுந்து எடுத்தேங்க. எங்க வீட்டுக்காரருதான் கீழ இஞ்சின் ரூம்ல."

"அந்தக் காலத்துல இந்த இடமெல்லாம் ரொம்ப அழகா இருந்திருக்கும், இல்லையா?"

வேலாயி துணியைப் பிழிந்தாள். கேட்ட கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்தவள்போல் இருந்தாள். "அப்பயும் கக்கூசு தூரந்தாங்க" என்றாள்.

அதுதான் அவளுடைய கவலை முழுவதும். பொன்னையா படுக்கையில் சட்டி வைக்க விடமாட்டார். வைத்தால் இடக்கையால் தள்ளிவிட்டு, தனக்குத் தெளிவாக வரும் அந்த இரண்டு சொல்லைச் சொல்வார். ஆகவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவர் இடுப்பைச் சுற்றிப் பழைய சேலையை முறுக்கிக் கட்டுவாள். தன் முழங்காலை அவர் முழங்கால்களுக்கு நடுவே கொடுப்பாள். "கையப் போடுங்க" என்பாள். அவர் இடக்கையை அவள் கழுத்தில் போட்டதும் ஒரே மூச்சில் எழுப்புவாள். முழங்காலை மடக்கத் தெரிந்தால் யாரையும் தூக்கலாம் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் தினமும் தூக்குவதில்லை. அவருக்குப் பிடிக்காத காரியமென்றால் கையைப் போடாமல் உடம்பைத் தொங்கவிட்டுவிடுவார். கோபத்தில் மனிதன் கனம் கூடுவான் என்பது நோயாளியைத் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

போன மழையில் கக்கூஸ் படியில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் அவரை எழுப்ப அவளால் முடியவில்லை. கூப்பிட்டால் வர லயத்தில் ஆளில்லை. மற்றவர்கள் எல்லாம் மலைக்கு மேலே கட்டிய புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். "சரி, கொஞ்சம் படுத்துக்குவம். வேல ஆளுங்க வரட்டும்" என்று அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மழையை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். காலை வேலைக்கு வந்தவர்கள் பார்த்து ஓடிவந்து தூக்கினார்கள். அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

"நான் விழுந்தது பெருசில்ல. நான் படுத்துட்டா இவர யாரு பொரட்டுறது?" என்று அவள் கேட்பது பரிதாபத்துக்காக அல்ல. அதற்கு அவளிடம் பதில் இல்லை. அவ்வளவுதான்.

மேலே அவளுக்கும் ஒரு புது வீடு இருக்கிறது. போய்ப் பார்த்தாள். ஓடு, சீமெந்துத் தரை, நல்ல ஜன்னல். ஆனால் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிடும். மிச்சத்துக்கு மண்ணில் வெட்டிய படிதான். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், இன்னும் இறக்கத்தில். "வீட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. கிளினிக்குக்கு இவரக் கொழுந்துக் கூடையில வச்சா எறக்குறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

லயத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் வாகனம் நிறுத்தும் இடம் போட வேண்டும். அதற்காக ஹஸீப் ஒருநாள் அவளைக் கூப்பிட்டான்.

"வேலாயிம்மா, ஒங்கள மலைக்கு மேல போங்க எண்டு சொல்ல எனக்கு மனசில்ல. கீழ இஞ்சின் ரூம் சும்மா ஈக்கிது. கட்டடத்தப் பாத்துக்கொள்ள ஒரு ஆள் வேணும். ஐயாவோட வந்து அங்க இருங்க. பாத்ரூமும் உள்ளயே வெச்சித் தாறன்."

அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனாள். இஞ்சினை உள்ளே கொண்டுபோக வெட்டிய வாசல் அது; கதிரை குறுக்காகவே நுழைந்தது. படி இல்லை. வெளி நிலம் வாசலோடு சமமாக இருந்தது. வேலாயி உள்ளே கதிரையைப் போட்டு அதில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

அந்த அறை சும்மா கிடந்ததற்குக் காரணம் மூலையில் நின்றது. ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரில் சக்கரம் சுழலும் இடத்தில் முனி நிற்பார். பட்டியும் பல்சக்கரமும் ஆளை இழுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார் என்பது தோட்டத்து நம்பிக்கை. முழங்கால் உயரக் கல், பக்கத்தில் ஒரு சூலம். வெள்ளிக்கிழமைதோறும் இஞ்சின்காரர் கற்பூரம் காட்டிய பிறகுதான் சக்கரத்தைச் சுழல விடுவார். வருஷத்துக்கு ஒருதரம் சேவலும் சாராயமும் சுருட்டும். அந்தக் கல்லை இடம் மாற்றுவதென்றால், பூசை வைத்த கை முதலில் தொட்டு உத்தரவு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வேறு யாரும் கைவைக்கலாம். அங்கே கடைசியாகப் பூசை வைத்தவர் பொன்னையா.

ஒரு மேசன் பாஸ் இதையெல்லாம் பாராமல் அந்த மூலையில் சாந்து பூசப் போனான். மறுநாள் அவன் காலில் கம்பி விழுந்தது. அவன் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு கம்பிக் கட்டுக்குக் கீழே நின்றான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதிலிருந்து தமிழ் ஆட்களும் சிங்கள ஆட்களும் ஒன்றுபோல ஒதுங்கிவிட்டார்கள். ஹஸீப்பும் தொடவில்லை. "அது ஒங்கட சாமி. அதுல கை வெக்க எனக்கும் ஏலா, பாஸ்மாருக்கும் ஏலா" என்றான். "ஐயா வந்து ஒருக்கா தொட்டுத் தந்தாப் போதும். பின்னுக்கு ஓடைக்கிட்ட, பழைய தண்ணி ரோதை ஓடின குழி ஈக்கிதில்ல? அங்க மேடை கட்டிக் கூரையும் போட்டுத் தாறன். கட்டடத்துக்குள்ள மட்டும் வேணா. வீடு வாங்க வாறவங்க பல விதம்."

வேலாயி போய்ப் புருஷனிடம் சொன்னாள். பொன்னையா இடக்கையைத் தூக்கிக் காற்றில் வட்டம் போட்டார். சக்கரம். பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். குழியில் இப்போது சக்கரம் இல்லை, முனி அங்கே எதற்கு என்று அர்த்தம்.

"இஞ்சின் ரூம்ல மட்டும் ரோதை இருக்கா? அதத்தான் தூக்கி வித்துட்டாங்களே!"

அவர் மறுபடியும் கையைத் தூக்கினார். தூக்கிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். குளிர்கிறதாக்கும் என்று வேலாயி போர்வையை மேலே இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டாலும் அதே வட்டம், அதே தலையாட்டல், கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வது. நெருக்கிக் கேட்டால், "போடி சனியனே."

ஹஸீப் அவசரப்படுத்தினான். லயத்தை இடிக்க ஆள் பேசியாகிவிட்டது. பொன்னையா சம்மதித்தால் இஞ்சின் ரூம்; இல்லாவிட்டால் மலைமேல் வீடு, மண்படி, கக்கூஸ் இறக்கம்.

வழி சொன்னவன் ரமேஸ். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் லிஃப்ட் பொருத்தும் வேலை பழகி வந்தவன். அவனே அந்த வாரம் ஒரு வம்பில் மாட்டியிருந்தான். கூரைக்கு மேலே லிஃப்ட் மோட்டர் இருக்கும் அறையில் ஹஸீப் ஒரு சுருட்டைக் கண்டுபிடித்தான்.

"ஆரு இங்க சுருட்டுக் குடிச்ச?"

"யாரும் குடிக்கலங்க மொதலாளி. வச்சதுங்க."

"ஆருக்கு?"

"லிஃப்ட்டுக்குங்க." ரமேஸ் தலையைச் சொறிந்தான். "அதுலயும் ரோதைதானங்க சுத்துது. ஒங்க பில்டிங்குக்கு நல்லதுக்குத்தான் வச்சேன்."

ஹஸீப் சுருட்டை இரண்டு விரலால் எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனான். லிஃப்ட்டில் போகவில்லை, படியில்தான் போனான் என்று ரமேஸ் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

அந்த ரமேஸ்தான் லயத்துக்கு வந்து, "பெரிம்மா, நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டு என்னா ஆவப் போவுது? முனிகிட்டயே கேட்டுருங்க. பூக் கட்டிப் பாருங்க" என்றான். பொன்னையா அவனைப் பார்த்துத் தலையசைத்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சம்மதம் அது.

பூக் கட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே அளவு வெற்றிலையில் தனித்தனியாக மடித்து நூலால் கட்டி, விளக்குக்கு முன்னால் தட்டில் குலுக்கி வைக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைத் திறக்கக் கூடாது. அப்படியே ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். திறந்து பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது. வழக்கமாகச் சின்னப் பெண்பிள்ளைதான் எடுக்கும். லயத்தில் பிள்ளைகள் இல்லாததால் பொன்னையாவே எடுப்பதென்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலையில் வேலாயி பங்களா வேலிக்குப் பூப் பறிக்கப் போனாள். அங்கே வெள்ளரளியும் செவ்வரளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் கைக்கெட்டும் உயரத்தில்தான் பூத்திருந்தன. அவள் வெள்ளரளியில் ஒன்று பறித்தாள். செவ்வரளிக்குக் கை நீட்டினாள். இடுப்பு இழுத்தது. அப்படியே கொஞ்ச நேரம் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்து, வெள்ளரளியிலேயே இன்னொன்று பறித்தாள்.

அவற்றை முந்தியில் முடிந்துகொண்டு நேரே இஞ்சின் ரூமுக்குப் போனாள். அந்தக் காலத்தில் பெண்கள் அதற்குள் வரக் கூடாது. இப்போது அவள்தான் கூட்டுகிறாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முனிக்கு முன்னால் நின்றாள்.

"இந்தா பாரு. நான் ஒனக்கு ஒளிக்கல. ரெண்டும் வெள்ளதான். கோவம்னா என்கிட்டக் காட்டு, அந்தாளுகிட்டக் காட்டாத. நீ எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்க, ஒனக்கு இடுப்பு வலிக்கல. எனக்கு வலிக்குது."

முனி ஒன்றும் சொல்லவில்லை. வேலாயி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கூட்ட ஆரம்பித்தாள்.

பகலில், வேலையாட்களின் சாப்பாட்டு நேரத்தில், லயத்துக் காம்பராவில் விளக்கேற்றினார்கள். ரமேஸ் சாட்சிக்கு நின்றான். வேலாயி இரண்டு வெற்றிலைப் பொட்டலத்தையும் இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள். தட்டைக் குலுக்கி நீட்டினாள். பொன்னையா உடனே எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது, சொல் எதுவும் வரவில்லை. இடக்கை தட்டுக்கு மேலே ஒரு பொட்டலத்துக்கும் மற்றதுக்குமாகப் போய்வந்தது. வேலாயி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். கடைசியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரமேஸ் நூலை அறுத்து விரித்தான்.

"வெள்ள! பெரிம்மா, வெள்ள! முனி உத்தரவு குடுத்துட்டாரு!"

பொன்னையா அந்தப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேலாயிக்குச் சிரமமாக இருந்தது.

அந்த நேரம் வெளியே ஹஸீப்பின் குரல் கேட்டது. "வேலாயிம்மா! ரமேஸ்!" ரமேஸ் ஓடினான். வேலாயி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள். மிஞ்சிய பொட்டலத்தை முதல் வேலையாக ஓடையில் போட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டான். தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள். எங்கே வைத்தோம் என்று அவள் யோசிக்கவில்லை. எதை வைத்தாலும் வைக்கிற இடத்தில், அவருடைய இடப்பக்கத்துப் பெட்டி மேல் வைத்தாள்.

"என்ன, ஒங்கட சாமி ஓமெண்டுச்சா?" என்று கேட்டான் ஹஸீப்.

"ஆமாங்க மொதலாளி."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான். சொன்ன பிறகு யாருடைய சாமி சொன்னதற்கு யாருக்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தவன்போல் வாயைப் பொத்திச் சிரித்தான். "நாளைக்குக் காலையில ஐயாவக் கூட்டி வாங்க. மேடை ரெடி. இந்தாங்க சாவி."

சாவி கையில் விழுந்த பிறகுதான் தட்டு ஞாபகம் வந்தது. வேலாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வேகமாக நடந்தாள்.

தட்டு வைத்த இடத்தில் இருந்தது. பொட்டலமும் தட்டில்தான் இருந்தது. ஆனால் அவள் போட்ட இரட்டை முடிச்சு இல்லை. நூலைச் சும்மா சுற்றி, நுனியை மடிப்புக்குள் செருகியிருந்தது. வெற்றிலை ஓரத்தில் பல் பதிந்திருந்தது. ஒற்றைக் கையும் பல்லுமாக முடிச்சை அவிழ்க்கலாம். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது.

வேலாயி நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த இரண்டு சொல் வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். "ஆமா, செஞ்சேன். என்னா இப்ப?" என்று கேட்கவும் வாயில் வைத்திருந்தாள். பொன்னையா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அவரைப் புரட்டும் நேரமாகியிருந்தது. புரட்டினாள், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள், கஞ்சி கொடுத்தாள். தட்டை அவளும் தொடவில்லை.

மறுநாள் காலையில் ரமேஸும் இன்னொரு பையனும் கதிரைக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வேலாயி அவருக்குச் சலவைச் சட்டை போட்டுவிட்டாள். பட்டன் போடும்போது அவர் இடக்கை நீண்டு, தட்டிலிருந்த பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது. அவள் பார்த்தும் பாராமல் அடுத்த பட்டனைப் போட்டாள். சேலையை முறுக்கி இடுப்பில் கட்டினாள். முழங்காலை மடக்கிக் குனிந்தாள்.

"கையப்..." என்று ஆரம்பித்தாள். கை ஏற்கெனவே அவள் கழுத்தில் இருந்தது. அன்றைக்கு அவர் கனக்கவில்லை.

லயத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவே ஓடை ஓடுகிறது. பலகைப் பாலத்தில் ஏறியதும் பொன்னையா கதிரைக் கையைத் தட்டினார். நிறுத்தினார்கள். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார். நூல் சுற்றுப் பிரிந்து பின்னால் இழுபட்டது. இலை விரிவதற்குள் தண்ணீர் அதை மதகுக்குள் கொண்டுபோய்விட்டது.

"அப்படித்தான் ஐயா, தொறக்காம விடணும்" என்றான் ரமேஸ், விஷயம் தெரிந்தவன்போல. வேலாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேசாமத் தூக்கு" என்றாள்.

இஞ்சின் ரூம் வாசலில் ஹஸீப் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றான். உள்ளே கல்லுக்குப் பக்கத்தில் கற்பூரம் எரிந்தது. கதிரையை முனிக்கு நேரே இறக்கியதும் ரமேஸ் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, கைய வைங்க" என்றான்.

பொன்னையா இடக்கையைத் தூக்கினார். கல்லுக்குப் பக்கத்தில் போனதும் அது நின்றது. அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்போதும் போல, மடியில் போர்த்தியிருந்த துணிக்குள் ஒளித்துக்கொண்டார்.

அப்போதுதான் வேலாயிக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக வலக்கையால் தொட்டுக் கும்பிட்ட கல். கக்கூஸில் கால் கழுவும் இடக்கையால் அதை எப்படித் தொடுவது என்றுதான் அந்த மனிதர் இத்தனை நாளும் போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் குளிர் என்று போர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

பொன்னையா துணிக்குள்ளிருந்து இடக்கையை மறுபடியும் எடுத்தார். மடியில் மூடிக் கிடந்த வலக்கையின் மணிக்கட்டை அதனால் பிடித்துத் தூக்கினார். அதை முனியின் பக்கம் நீட்டவில்லை. அவள் பக்கம் நீட்டினார்.

"இருங்க" என்றாள் வேலாயி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையிலிருந்த துணிச்சுருளை உருவினாள். கட்டைவிரலை வெளிப்பக்கம் விலக்கி, மற்ற விரல்கள் இளகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். கற்பூரம் அணையப் பார்த்தது. ரமேஸ் இன்னொரு வில்லையைப் போட்டான். கடைசி விரலும் விரிந்ததும் அந்தக் கையைக் கல்லின் மேல் தட்டையாக வைத்தாள். விட்டால் மூடிக்கொள்ளும் என்பதால், அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.